பள்ளிப் பேருந்தில் வந்தால் மட்டும் தலைவலி, குமட்டல்

பள்ளிப் பேருந்தில் வீடு திரும்பும் நாளில் மட்டும் மகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வருவதாகக் கேட்டிருந்தீர்கள். அவள் பேருந்திலிருந்து இறங்கியதும் நிழலில் உட்கார வையுங்கள். கழுத்தையும் அக்குளையும் ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

பேருந்தில் வரும் நாளில் மட்டும் தலைவலி என்பதால், வண்டி மதியம் முழுக்க வெயிலில் மூடி நிற்கிறது என்றே நினைக்கிறேன். மூடிய காருக்குள்ளேயே 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

பிள்ளைகள் ஏறுவதற்கு 15 நிமிடம் முன்பே கதவு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி மூன்று நாள் பாருங்கள். அப்புறம் தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். கழிப்பறைக்குப் போகத் தயங்கி நிறைய பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டில் நிறைந்தே திரும்பினால் அதைப் பள்ளியில் பேசியே ஆக வேண்டும்.

பேச்சு குழறினாலோ மயங்கினாலோ காத்திருக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸ். நினைவில்லாதபோது வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.