கேள்வி–பதில்: ரெக்கார்டர் அப்புறம், முதலில் மைக்

கேள்வி: ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளர்களின் வேலை அனுபவங்களை ஒலிப்பதிவு செய்யப்போகிறோம். செல்போனே போதுமா, தனி ரெக்கார்டர் வாங்க வேண்டுமா?
– வாசகி, கோவை

பதில்: முதலில் மைக்குக்குப் பணம் ஒதுக்குங்கள். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கிவிடும்; அறையின் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். அதனால், மேசையில் மூன்றடி தள்ளி வைத்த விலையுயர்ந்த ரெக்கார்டரைவிடச் சட்டையில் குத்திய சாதாரண காலர் மைக் தெளிவாகப் பதியும். ஹெட்போன் துளை உள்ள போனிலும் அதைச் செருகலாம், ஃபிளைட் மோடு போட மறக்காவிட்டால்.

நிறையப் பேரைப் பதிவதென்றால் ரெக்கார்டர்தான் நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கையால் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். வெளி மைக்குக்கும் ஹெட்போனுக்கும் இடம் வேண்டும். ஜூம் எச்1என் போன்ற சிறிய கருவியிலேயே இவை உண்டு. இந்த அளவில் ஸ்டீரியோ பதிவு மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி கார்டு 30 மணி நேரத்துக்கு வரும். எம்பி3 வேண்டாம். அதில் கழிந்துபோன ஒலி திரும்ப வராது.

காலர் மைக்கின் பின்னைப் பார்த்து வாங்குங்கள். அதில் மூன்று வளையக் கோடு இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் ரெக்கார்டருக்கானது. மாற்றிச் செருகினால் பல நேரம் ஒலியே வராது, வந்தாலும் மெலிந்திருக்கும்.

மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தோள் துண்டு, கஞ்சி போட்ட சட்டை, கழுத்துச் சங்கிலி மூன்றும் உரசும். உரசல் பேச்சோடு கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

கேள்வி: பெரியவர் பேசுவதை நிறுத்தும்போதெல்லாம் ‘ஓ’வென்று இரைச்சல் எழுகிறது. சிரித்தால் குரல் உடைகிறது. கருவி பழுதா?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: பழுதில்லை, கெயினைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயின் செய்யும் வேலை. பேச்சு நின்றதும் கருவி ஒலியைத் தேடிக் கெயினை ஏற்றுகிறது. கிடைப்பது மின்விசிறிச் சத்தம். ஏறிய கெயினில் திடீரென்று சிரித்தால் குரல் உடைகிறது. ஆட்டோவை அணைத்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பேசவிடுங்கள். வழக்கமான குரலின் உச்சம் கருவியின் ஒலி அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி (பூஜ்யத்தைத் தாண்டினால் உடையும்) கெயினை வைத்தால் சிரிப்புக்கு இடம் இருக்கும். 24 பிட்டில் தாழ்ந்த ஒலியில் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம். உடைந்த குரலைச் சரிசெய்வது கடினம்.

மின்விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது. சித்திரை வெயிலில் எண்பது வயதுக்காரரை அப்படி உட்காரவைக்கக் கூடாது. குறைந்த வேகத்தில் சுற்றட்டும், மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், அடித்தொண்டை போன்ற தாழ்ந்த இரைச்சலை வெட்டும் ‘லோ கட்’ வசதியை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும்போது திரும்பப் போட மறக்கமாட்டீர்கள்! குக்கர் விசில் வரும் நேரத்தையும் வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு மணி நேரப் பதிவின் நடுவே பேட்டரி தீர்ந்தது. கோப்பு திறக்கவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பதிவை நிறுத்தும்போதுதான் பல கருவிகள் வேவ் கோப்பின் தலைப்பகுதியில் அதன் நீளத்தை எழுதும். அது எழுதப்படாததால் திறக்கவில்லை. உள்ளே ஒலி பெரும்பாலும் இருக்கும். அந்தக் கார்டில் வேறெதையும் பதியாமல் கணினிக்கு நகலெடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ‘ரா டேட்டா’வாக (தலைப்பகுதியைப் பார்க்காமல்) திறந்து பாருங்கள், பதிந்த அதே கிலோஹெர்ட்ஸ், பிட் அளவைக் கொடுக்க வேண்டும். இனி 45 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள், ஒவ்வொரு பேட்டிக்கும் புது பேட்டரி போடுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் சேரும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.