ஆப்லெட் படிக்கும் பையனின் அம்மாவுக்கு

அக்கா, பையன் பிசிஏ இரண்டாம் வருடம், லேப் ரெக்கார்டில் ஆப்லெட் எழுதுகிறான், பக்கத்து வீட்டு இன்ஜினியர் தம்பி "அதெல்லாம் எப்பவோ போயிருச்சே" என்று சொன்னதிலிருந்து உசிலம்பட்டியில் உங்களுக்குத் தூக்கமில்லை. சரி, அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை. வலைப்பக்கத்துக்குள் ஓடும் அந்தக் குட்டி ஜாவா புரோகிராம்களை குரோம் 2015இலும் ஃபயர்பாக்ஸ் 2017இலும் கைவிட்டுவிட்டன. 2018இல் வந்த ஜாவா 11இல், பிரவுசர் இல்லாமல் ஆப்லெட்டை ஓட்டிப் பார்க்க உதவிய ஆப்லெட்வியூவரே கிடையாது. லேபில் ஓடுவது வீட்டு லேப்டாப்பில் ஓடவில்லை என்று அவன் புலம்புவது பெரும்பாலும் இதனால்தான், அவன்மேல் தப்பில்லை.

ஆனால் அதில் வரும் பட்டன் பாடத்தை மட்டும் அவன் மனப்பாடம் செய்து தாண்டிவிடக் கூடாது. சிலிண்டர் வந்தால் கூப்பிடுங்கள் என்று எதிர்வீட்டில் சொல்லிவைப்பீர்கள் இல்லையா, அதே மாதிரி பட்டனை அழுத்தினால் கூப்பிடு என்று சொல்லிவைக்கும் வரிதான் ஆட்ஆக்‌ஷன்லிஸனர். கூப்பிட்டதும் ஓடிவந்து செய்யும் வேலை ஆக்‌ஷன்பெர்ஃபார்ம்டு. பையன்கள் இரண்டாவதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு முதல் வரியை மறந்துவிடுவார்கள். பிழை எதுவும் காட்டாது, பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, சிலிண்டர் வண்டி திரும்பிப் போயிருக்கும். நானும் ஒரு மதியம் முழுக்க இப்படி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பட்டன் இருந்தால் எது அழுத்தப்பட்டது என்று கெட்சோர்ஸ் வைத்துக் கேட்கலாம், அல்லது ஒவ்வொன்றுக்கும் தனி லிஸனர், அதாவது கூப்பிட்டதும் ஓடிவரத் தனி ஆள், வைக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும்.

1997இல் ஜாவா 1.1உடன் வந்த ஏற்பாடு இது. இன்றைக்கு வலைப்பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஆட்ஈவென்ட்லிஸனர், ஆண்ட்ராய்டில் செட்ஆன்கிளிக்லிஸனர் என்று பெயர்தான் வேறு, சொல்லிவைக்கிற வேலை அதேதான். இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பார்க் பக்கம் இன்டர்வியூவுக்குப் போனால் ஆப்லெட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கிளிக் செய்தால் என்ன நடக்கிறது என்று கேட்டால் அவன் வாயைத் திறக்க வேண்டும்.

அதனால் ரெக்கார்டுக்கு ஆப்லெட்டையே எழுதட்டும், மார்க் அதற்குத்தானே. அப்புறம் அதே புரோகிராமை, பிரவுசர் இல்லாமல் தனி ஜன்னலாக ஓடும்படி, ஜாவாவின் ஸ்விங்கில் ஜேஃப்ரேம் வைத்து மாற்றட்டும், பட்டன் கோடு அநேகமாக அப்படியே உட்காரும். அடுத்து ஜாவாஸ்கிரிப்டில். நகையை அடகு வைத்து மாட்டுத்தாவணிப் பக்கம் கோர்ஸ் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்குப் பணமே வேண்டாம் அக்கா, ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிரவுசரும் நோட்பேடும் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பட்டன் வைத்து ஒன்றைச் செய்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு அவனிடமே பேசுகிறேன்.