கேளுங்கள், சொல்கிறோம்: தாழப் பறந்து துரத்தும் சரக்குக் கலம்

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது என்கிறார்கள். ரொக்கெட்டோ பத்து நிமிடத்துக்குள் விண்வெளியை அடைந்துவிடுகிறது. அப்படியிருக்க, சாமான்கள் கொண்டுபோகும் கலம் அங்கு போய்ச் சேர ஏன் இரண்டு நாட்கள் எடுக்கிறது?
– வாசகி ஒருவர், தலவாக்கலை

பதில்: தூரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதே, பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடையிலுள்ள தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கசகஸ்தானின் பைக்கனூரிலிருந்து புறப்படும் சோயூஸ் ரொக்கெட், ரஷ்யாவின் புரோகிரஸ் சரக்குக் கலத்தை ஒன்பது நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் உயரத்தில் விட்டுவிடும். துரத்தல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மலையைச் சுற்றிக் கொழுந்து மடுவத்துக்கு நடந்தவர்களுக்குக் கீழ்ப்பாதைதான் நீளம் என்பது தெரியும். பூமியைச் சுற்றும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது: கீழே போகும் கலத்துக்கு வட்டமும் சிறியது, பூமியின் ஈர்ப்பு அங்கே சற்றுக் கூடுதலாக இருப்பதால் வேகமும் கூடியது. நிலையம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 93 நிமிடங்கள் எடுக்க, கலம் 89 நிமிடங்களுக்குள் சுற்றி முடித்து, சுற்றுக்கு நான்கு நிமிடமளவில் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அவசரப்பட்டு இயந்திரத்தை முடுக்கினால் கலம் மேலே ஏறி, மெதுவான பாதைக்குப் போய்ப் பின்தங்கிவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை. புறப்படும் நேரமும் நிலையத்தின் இருப்பிடமும் நன்றாகப் பொருந்தினால் இவ்வளவு காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2018 ஜூலையில் ஒரு புரோகிரஸ் நான்கு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

இத்தனை வேகத்தில் துரத்தி வந்த கலம், நிலையத்தை ஒட்டும் தறுவாயில் அதனோடு ஒப்பிட்டால் வினாடிக்கு வெறும் பத்துச் சென்ரிமீற்றரளவில்தான் நெருங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தரையில் வைப்பதுகூட அதைவிட வேகமாகத்தான் நடக்கும்.

கேள்வி: சாமான்களை இறக்கிய பின் கலத்தை என்ன செய்வார்கள்?
– வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: குப்பையை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் புரோகிரஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு; அந்த உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருப்பதால் நிலையம் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே வரும்; அதை மீண்டும் உயர்த்த இக்கலத்தின் இயந்திரங்கள் உதவுகின்றன. பிறகு வெற்றுப் பொதிகளோடும் கழிவுகளோடும் கழன்று, தென் பசிபிக்குக்கு மேலே வளிமண்டலத்தில் எரிந்துபோகும். நிலையத்தில் துணி துவைக்க வசதியில்லாததால், உடுத்து அழுக்கான சட்டைகளும் காலுறைகளும் அதோடு சேர்ந்தே எரிகின்றன. அமெரிக்காவின் டிராகன் கலமோ ஆய்வு மாதிரிகளைச் சுமந்துகொண்டு பரசூட்டின் துணையுடன் கடலில் இறங்கும்.