108 அழைப்பு எடுக்கும் வேலைக்கு டிப்ளமோ கட்டாயமா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன், பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். 108 கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் வேலைக்குப் போக ஆசை. ஆறு மாத ‘டிஸ்பாட்சர்’ (அழைப்பு எடுத்து ஆம்புலன்ஸை அனுப்புபவர்) டிப்ளமோ இல்லாமல் சேர்க்கவே மாட்டார்கள் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்லி, 45,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவசர அழைப்பு எடுப்பவருக்கு உரிமம் வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கும் 108 மையம் போன்ற இடங்களில், ஆளை எடுத்த பிறகு பயிற்சியை அவர்களே கொடுக்கிறார்கள். கல்வித் தகுதியை அந்தந்த வேலை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலக அளவில் பெயர் பெற்ற சான்றிதழ் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள இன்டர்நேஷனல் அகாடமீஸ் ஆஃப் எமர்ஜென்சி டிஸ்பாட்ச் அமைப்பு தருவது. 24 மணி நேர வகுப்பு, பிறகு தேர்வு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் அழைப்பவரிடம் எதை எந்த வரிசையில் கேட்பது என்று சொல்லும் அவர்களுடைய கேள்வி அட்டைகள், அந்த அமைப்பிடம் உரிமம் வாங்கிய மையத்தில்தான் பயன்படும். அப்படிப்பட்ட மையத்தில் வேலை இல்லாதவருக்கு அதனால் பெரிய பலன் கிடையாது.

இந்த வேலையின் உயிர்நாடி முகவரி. நோய் என்ன என்று தெரியாமலும் வண்டியை அனுப்பலாம், இடம் தெரியாமல் அனுப்ப முடியாது. லைன் எந்த நொடியிலும் அறுந்துபோகும் என்பதால் முதலில் இடம், அடுத்து திரும்ப அழைக்க எண். சென்னையில் பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் பேட்டைக்கு ஒன்று இருக்கும். வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருக்கும். அதனால் பகுதி, தெரு, எந்த எண் புதியது, பக்கத்தில் என்ன கடை அல்லது கோயில் என்று கேட்டு, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள ஜி.எஸ்.டி. சாலை போன்ற இடத்தில் விபத்து என்றால், அடிபட்டவரின் வண்டி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதும் தேவை. ஆம்புலன்ஸை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டால் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் வர வேண்டும்.

அடுத்து, உயிரே போகக்கூடிய தவறு நடக்கும் இடம்: மூச்சு. “மூச்சு இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்றுதான் பதில் வரும். இதயம் நின்ற பிறகும் சிலருக்குக் குறட்டை போலவோ, விக்கல் போலவோ சில நிமிடம் இழுக்கும். வீட்டார் அதையே மூச்சு என்று நினைப்பார்கள். “எப்பவும் போல சீரா விடறாரா?” என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால், “அவர் ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் ‘இப்போ’ன்னு சொல்லுங்கம்மா.” இரண்டு ‘இப்போ’வுக்கு நடுவே நெடிய இடைவெளி விழுந்தால் அது மூச்சே இல்லை. “ஃபிட்ஸ் வந்திருக்கு, கையில சாவி குடுத்திருக்கோம்” என்ற அழைப்பிலும் கவனம் வேண்டும். இதயம் நிற்கும் நொடியில் சிலருக்குக் கை கால் வெட்டும். வெட்டு நின்றதும் மூச்சை மறுபடி கேட்க வேண்டும்.

நினைவும் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கை. பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். நீங்கள் போனில் “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று வேகத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவரை மாற்றச் சொல்லுங்கள். குழந்தைக்கும் நீரில் மூழ்கியவருக்கும் வாய்வழி மூச்சும் தேவை.

“கேள்வி கேட்டுட்டே இருக்கீங்க, வண்டியை அனுப்புங்க!” என்று கத்துவார்கள், அது இயல்பு. குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தை அதே தொனியில், காரணத்தோடு திரும்பத் திரும்பச் சொல்வதுதான் வழி: “அவரைக் காப்பாத்த, நான் சொல்றதைச் செய்யுங்கம்மா.” வண்டி கிளம்பிவிட்டது என்பதை உண்மையிலேயே கிளம்பிய பிறகுதான் சொல்ல வேண்டும்.

கையில் பணம் இருந்தால் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமெரிக்க இதய சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) பயிற்சியை முடியுங்கள். ஒரு நாளில் முடிந்துவிடும், சான்று இரண்டு ஆண்டு செல்லும். பொம்மையில் அழுத்திப் பார்த்தவருக்குத்தான் எதிர்முனையில் இருப்பவர் எங்கே திணறுவார் என்பது தெரியும். அதோடு, யாரையாவது போனில் பேசச் சொல்லி, கேட்டுக்கொண்டே முகவரியைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து பழகுங்கள்.

அந்த நிலையத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த டிப்ளமோ கட்டாயம் என்று எந்த மையத்தின் வேலை அறிவிப்பில் இருக்கிறது? அதை எழுத்தில் காட்டாதவரை பணம் கொடுக்காதீர்கள்.