"நான் இதற்கு லாயக்கில்லை" என்ற எண்ணத்தை எப்படி மாற்றுவது?

உங்கள் கேள்வி இது: தமிழ் மொழி மூலம் படித்து, கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். மீட்டிங்கில் வாய் திறக்கப் பயம். லாயக்கில்லை என்ற நினைப்பில் பதவி உயர்வுக்கும் விண்ணப்பிக்கவில்லை.

"தன்னம்பிக்கையோடு இருங்கள்" என்று பலர் சொல்லியிருப்பார்கள். அது பலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. "லாயக்கில்லை" என்பது சரிபிழை பார்க்க முடியாத வசனம். எத்தனை பேர் பாராட்டினாலும் அசையாது. "எக்செல்லில் பிவட் டேபிள் போடத் தெரியாது", "சிங்களத்தில் வேகமாகக் கதைத்தால் விளங்காது" என்பவை அப்படியல்ல. அவை வெறும் குறைகள், பழகினால் தீரும். முதலில் இந்த இரண்டு வகையையும் பிரித்து எழுதுங்கள். மொழிதான் தடை என்றால் ராஜகிரியவில் அரசகரும மொழிகள் திணைக்களம் இருக்கிறது, வகுப்புகள் பற்றி அங்கே விசாரியுங்கள். அதுவரை மீட்டிங்கில் "டிக்கக் ஹெமின் கியன்ன" (கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்) என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

மிச்சமிருக்கும் பொதுவான சந்தேகத்துக்கு, மனநல வைத்தியர் ஏரன் பெக் 1960களில் தொடங்கிய, நினைப்புகளைச் சோதித்துப் பார்க்கும் அறிவாற்றல் சிகிச்சையில் பயன்படும் பதிவேட்டைப் பரிந்துரைப்பேன். ஒரு சி.ஆர். கொப்பி போதும். ஆறு நிரல்கள்: நடந்தது என்ன, மனதில் ஓடிய வசனம், அதை எத்தனை வீதம் நம்புகிறீர்கள், அதற்குச் சாதகமான ஆதாரம், எதிரான ஆதாரம், இரண்டையும் பார்த்தபின் எழுதும் புதிய வசனம். கடைசியில் பழைய வசனத்துக்கு மறுபடி வீதம் போடுங்கள். நடந்த அன்றைக்கே எழுத வேண்டும். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், அந்தக் களைப்பில் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

பெரும்பாலானோர் பிழைவிடும் இடங்கள் மூன்று. வசனம் எழுத வேண்டிய நிரலில் "பயம்" என்று உணர்ச்சியை எழுதுவார்கள். அல்லது "என்னால் முடியுமா?" என்று கேள்வியாக விடுவார்கள். கேள்விக்கு ஆதாரம் தேட முடியாது. அதை "இந்த ஃபைலை நான் பிழையாக முடிப்பேன்" என்று கூற்றாக மாற்றுங்கள். மூன்றாவதுதான் மோசம்: புதிய வசனமாக "நான் பெரிய கெட்டிக்காரன்" என்று எழுதுவது. உங்களுக்கே நம்பிக்கை வராததை மனம் தள்ளிவிடும். "போன ஃபைலில் இரண்டு திருத்தம் வந்தது, மற்றதெல்லாம் அப்படியே போனது" என்பது போல உப்புச்சப்பில்லாமல் இருந்தால்தான் பலிக்கும். 90 வீதம் 60க்கு இறங்கினாலே நல்ல வேலை நடந்திருக்கிறது. பூச்சியத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கொப்பி மட்டும் போதாது. 1978இல் போலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும், திறமையாகச் சாதித்த பெண்கள் தங்கள் வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கிலோ வேறு காரணங்களின் கணக்கிலோ எழுதிவிடுவதை விவரித்தார்கள். ஆண்களிடமும் இதைத் தாராளமாகக் காணலாம். இந்தக் கணக்கை உயிரோடு வைத்திருப்பவை நம்முடைய பாதுகாப்புப் பழக்கங்கள்: ஒரு ஈமெயிலை மூன்று பேரிடம் காட்டிவிட்டு அனுப்புவது, அரை மணி நேர வேலைக்கு இரவெல்லாம் ஆயத்தம் செய்வது, விளங்காததைக் கேட்காமல் இருப்பது. வேலை நன்றாக முடிந்தால் பெயர் அந்தப் பழக்கத்துக்குப் போகிறது, உங்களுக்கு வருவதில்லை. அதனால் ஒரு கிழமைக்கு ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுப் பாருங்கள். முன்கூட்டியே எழுதுங்கள்: "யாரிடமும் காட்டாமல் அனுப்பினால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார்." அனுப்பிய பிறகு, உண்மையில் நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள். முன்கூட்டி எழுதாவிட்டால் மனம் பிறகு கதையை மாற்றிவிடும். வாடிக்கையாளருக்குப் போகும் இறுதி அறிக்கையில் இதைச் சோதிக்க வேண்டாம், உள்ளக ஈமெயிலில் தொடங்குங்கள்.

மீட்டிங்குக்கும் இதே படிமுறைதான். முதலில் ஒரு விளக்கக் கேள்வி, பிறகு உங்கள் பகுதியின் நிலவரத்தை இரண்டு வசனத்தில் சொல்வது, அதற்குப் பிறகுதான் சொந்த அபிப்பிராயம். முதல் பத்து நிமிடத்துக்குள் கதைத்துவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பதற்றம் கூடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நித்திரை, பசி, எதிலும் நாட்டம் இல்லாத நிலை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் இது தொழில் சந்தேகம் மட்டும் அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது அரசாங்க வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குப் போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு கிழமை பார்க்காமல் அன்றைக்கே அழையுங்கள்.

பதவி உயர்வு விஷயத்தில், "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டால் "ஓகே" என்ற பதில்தான் வரும். "இந்த வேர்க்கிங் பேப்பரில் ஒன்றை மாற்றச் சொன்னால் எதை மாற்றுவீர்கள்?" என்று, கணக்காய்வில் நீங்கள் எழுதிய வேலைத்தாளைக் காட்டிக் கேளுங்கள். பதிலைத் திகதியோடு எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமைகளில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்தக் கிழமை முடித்த வேலைகளையும் தொகைகளோடு அதே கொப்பியில் சேருங்கள். மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வரும்போது நினைவிலிருந்து எழுதாதீர்கள், அந்தப் பக்கங்களைப் பார்த்து நிரப்புங்கள்.