குழந்தை முதுகில் கட்டி: கொசுவலை மட்டும் போதாது, துணிக்கொடியையும் பாருங்கள்

எல்லாத் துணியையும் நல்ல சூட்டில் இஸ்திரி போட்ட பிறகே உடுத்துங்கள். சாம்பியாவில் மிஷன் வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து, வலைக்குள் தூங்கியும் குழந்தைக்கு முதுகிலும் இடுப்பிலும் கட்டி வருகிறது என்கிறீர்கள். அநேகமாக இது புட்சி ஈ (putzi fly) என்ற ஆப்பிரிக்க ஈயின் வேலை. நிழலில் காயும் ஈரத்துணியில் அது முட்டையிடும். பொரிந்த புழு தோலுக்குள் புகுந்துவிடும்.

கட்டியின் நடுவில் ஊசிமுனை அளவு துளை தெரிகிறதா? தெரிந்தால் வாசலினைத் தடிப்பாகப் பூசி மூடிவையுங்கள். காற்றில்லாமல் புழு மேலே வரும். அப்புறம் இருபக்கமும் மெல்ல அழுத்தினால் வெளியே வந்துவிடும். அருவருப்புதான், ஆனால் பொதுவாகப் பெரிய ஆபத்தில்லை.

இஸ்திரியில் தையல், இடுப்புப்பட்டி, துணி நாப்கின், படுக்கை விரிப்பு எதையும் விடாதீர்கள். கரண்ட் இல்லாத நாளுக்குக் கரி இஸ்திரிப்பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். அதுவும் முடியாதென்றால், ஈ நுழையாதபடி வலையடித்த அறைக்குள் காயப்போடுங்கள்.

காய்ச்சல், சீழ், சுற்றிலும் சிவப்பு பரவுவது இருந்தால் நீங்களாகப் பிதுக்க வேண்டாம், கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அங்கே காய்ச்சல் என்றால் மலேரியா சோதனையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.