கணவனை இழந்த பெண்ணின் கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுத முடியுமா? அப்படி ஏதாவது நாவல் படித்திருக்கிறீர்களா?

படித்திருக்கிறேன். பிரெண்டன் ஓ'காரல் எழுதி 1994இல் வந்த 'தி மேமி'. அவசரத்தில் 'மாமி' என்று படித்துவிடாதீர்கள். அயர்லாந்தில் அம்மாவை 'மேமி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கதை தொடங்கும் நாள் 1967 மார்ச் 29, ஊர் டப்ளின். ஆக்னஸ் பிரவுன் தன் தோழி மேரியனைக் கூட்டிக்கொண்டு விதவை உதவித்தொகைக்கு எழுதிக்கொடுக்க அரசு அலுவலகத்துக்கு வருகிறாள். இறப்புச் சான்றிதழ் எங்கே என்றால் கையில் இல்லை. எப்படி இருக்கும்? புருஷன் செத்ததே அன்றைக்குத்தான், இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: அவளுக்கு ஏழு பிள்ளைகள். மூர் தெருவில் பழக்கடை போட்டுப் பிழைக்கிறவள். விடிவதற்கு முன்பே சரக்கெடுக்கப் போயாக வேண்டும். மூலையில் உட்கார்ந்து அழுதால் வியாபாரம் யார் பார்ப்பது? துக்கத்துக்கு நேரமில்லாதவள் துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் இந்த நாவலின் நகைச்சுவை. அவளைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. அவள் வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. செத்துப்போன ரெட்சர் நல்ல புருஷன் அல்ல. அன்றைய அயர்லாந்தில் விவாகரத்தே கிடையாது, 1937 அரசியலமைப்பே அதைத் தடுத்திருந்தது. 1995இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித்தான் அந்தத் தடையை நீக்கினார்கள், அதுவும் மயிரிழையில் கிடைத்த வெற்றி. அதாவது இந்த நாவல் அச்சாகி வந்தபோதுகூடத் தடை இருந்தது. கட்டியவன் சரியில்லை என்றால், ஒன்று அவன் போய்ச் சேர வேண்டும், இல்லை இவள் போய்ச் சேர வேண்டும். ஆக்னஸின் துக்கத்தில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருப்பதை ஓ'காரல் எங்கேயும் விளக்குவதில்லை. நமக்கே தெரிந்துவிடுகிறது.

நாவலில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் இடம், இரண்டு தோழிகளும் 'ஆர்கனிசம்' பற்றிப் பேசுவது. உடலுறவின் உச்ச இன்பத்தைக் குறிக்கும் ஆர்கசம் என்ற சொல் அவர்கள் வாயில் 'உயிரி' என்று பொருள்படும் சொல்லாக மாறிவிடுகிறது. மேரியன் தன் அனுபவத்தைச் சொல்லச் சொல்ல, ஏழு பெற்ற ஆக்னஸுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கொச்சை என்று இதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருத்தடைச் சாதனங்களை விற்கவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவோ கூடாது என்று 1935இல் சட்டம் போட்ட நாடு அது. 1979இல்தான் மருத்துவர் சீட்டு இருந்தால் வாங்கலாம் என்று தளர்த்தினார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஏழு பிள்ளை பெற்றும் இது தெரியாமல் ஒருத்தி இருந்தாள் என்பதை வேறு எப்படிச் சொல்வது? கட்டுரையாக எழுதியிருந்தால் நான் பாதியில் மூடி வைத்திருப்பேன்.

பிரெஞ்சுக்காரன் ஒருவன் ஆக்னஸ் மேல் ஆசைப்படும் பகுதி சுமார்தான். பழைய சினிமா பார்த்த மாதிரி இருந்தது. மேரியனுக்குப் புற்றுநோய் வரும் பகுதியில் மட்டும் நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அப்போதும் கிண்டலை விடுவதில்லை. புருஷன் செத்தபோது வராத துக்கம் ஆக்னஸுக்கு இங்கேதான் வருகிறது.

ஓ'காரலுக்கு இந்த அம்மா எங்கிருந்து கிடைத்தாள் என்பது ஊகிக்க முடியாத விஷயம் அல்ல. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி அவர். அப்பா சிறுவயதிலேயே போய்விட்டார். அம்மா மொரீன் ஓ'காரல் 1954இல் அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர், தொழிற்கட்சியின் முதல் பெண் உறுப்பினர். அந்தம்மா பழம் விற்கவில்லை. வாய்த்துடுக்கு வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இதே ஆக்னஸ் வரும் 'மிசஸ் பிரவுன்ஸ் பாய்ஸ்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு நாவலைத் தள்ளிவிடாதீர்கள். 1992இல் வானொலியில் தொடங்கிய பாத்திரம் அது. 2011 முதல் தொலைக்காட்சியில் ஓ'காரலே பாவாடை கட்டிக்கொண்டு அந்த அம்மாவாக வந்து கூத்தடிக்கிறார். எனக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் தாங்கவில்லை. நாவலின் ஆக்னஸ் அவ்வளவு கத்துகிறவள் அல்ல. 1999இல் நடிகை ஆஞ்சலிகா ஹூஸ்டன் இதைப் படமாக இயக்கி அவரே நடித்தார். நாவலில் ஆக்னஸின் கனவு பாடகர் கிளிஃப் ரிச்சர்டோடு ஒருமுறை ஆட வேண்டும் என்பது. படத்தில் அந்த இடத்துக்கு டாம் ஜோன்ஸ் வந்துவிட்டார். கனவு பலித்ததா என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆங்கிலம் முழுக்க டப்ளின் பேச்சு வழக்கு. முதல் இருபது பக்கம் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். அந்த ஆர்கனிசம் பக்கத்தை மட்டும் வீட்டில் வைத்துப் படியுங்கள். நான் பேருந்தில் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் "என்ன தம்பி, நமக்கும் சொல்லக் கூடாதா?" என்று கேட்க, ஏதோ பழக்கடை ஜோக் என்று சொல்லிச் சமாளித்தேன்.